முதல் எலுமிச்சம்பழம்

மனிதகுலம் இனி எப்படிப் பயணிக்கும் என்ற கேள்விக்கான விடை அந்தக் கண்காட்சி மேடையில் நின்றுகொண்டிருந்தது. விடைக்குள் எஞ்சின் இல்லை. சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் மூக்கையும் இடுப்பையும் வாங்கிக்கொண்ட அந்தக் கருஞ்சிவப்பு பைக், ஒரு மெல்லிய இரும்புக் குழாயைச் சுற்றிய தெர்மோகோலும் ஃபைபரும்தான்; பார்வைக்கு வைக்கச் செய்த மாதிரி. எட்டு மாதம் அதைத் தேய்த்து உருவாக்கிய சென்னியப்பன், அது மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று மனைவி துளசிமணியிடம் சொல்லியிருந்தான். திறப்புவிழாவுக்கு ஒரு மணி நேரம் முன்பு அவள் எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டாள். இத்தனை பேர் கண் படப்போகிறது. பழம் நசுங்காவிட்டால் அவன் உழைப்புக்கு ஆகாது.

முன்சக்கரத்தடியில் வைத்தாள். அவன் தள்ளினான். சக்கரம் ஏறி இறங்கியது. பழம் அப்படியே இருந்தது. மறுபடி தள்ளினான். அப்போதும் அப்படித்தான்.

"துளசி, உள்ளே எஞ்சின் இல்லை" என்றான், தரையைப் பார்த்து.

"தெரியுமுங்க. எட்டு மாசமா உங்க சட்டை தொவைக்கறேன். ஒரு சொட்டு ஆயில் இருந்துச்சா? பூராம் வெள்ளைத் தூசி."

"அப்புறம் எதுக்குத் தெருவெல்லாம் முந்நூறுன்னு சொன்னே?"

"நீங்க ஆசையாச் சொன்னீங்க. நானும் சொன்னேன்."

'உட்காரக்கூடாது' என்ற அட்டையை நகர்த்திவிட்டு, சேலையை ஒதுக்கி முன்பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். "இப்பத் தள்ளுங்க."

அவள் சாய்ந்துவிடாமல் முதுகில் ஒரு கை கொடுத்துத் தள்ளினான். பழம் நசுங்கியது.

வண்டியின் எடை பத்தொன்பது கிலோ. துளசிமணி எழுபத்தொன்று.