பதினொண்டா, பன்னிரண்டா?

"உனக்கு யூலுக்கு என்ன வேணும்?" என்று முதலாளி பெதர்சன் கேட்டபோது, நீக்கிலாஸ் லொறியின் முன்சில்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றான்.

அந்த டெனிஷ் வசனத்தில் அவனுக்குப் பிடிபட்டவை மூன்றே சொற்கள். 'உனக்கு', 'வேணும்', 'யூல்'. யூல் என்றால் சில்லு. பிராண்டே ஊர் ரயர்க் கடையில் மூன்று மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவன் படித்த முதல் டெனிஷ் சொல் அது.

லொறி மறுநாள் நோர்வே மலைப்பாதையில் ஏற வேண்டும். சுவரோடு இரண்டு சோடி ரயர்கள் சாத்தியிருந்தன. பன்னிரண்டு அங்குலம் பாரம் தாங்கும், ஆனால் பனிக்கு மேலே வழுக்கிக்கொண்டு போகும். பதினொரு அங்குலம் ஒடுக்கம். பனியை வெட்டிக்கொண்டு இறங்கித் தரையைப் பிடிக்கும். லொறியில் ஏறப்போவது வெறும் துணிச் சுமை.

இந்த மனுசன் தன்னிடம் யோசனை கேட்பார் என்று நீக்கிலாஸ் கனவிலும் நினைத்ததில்லை.

அவனுக்கு அவரிடம் வேறொரு காரியம் இருந்தது. மனைவி மேரிகிறேசையும் மகளையும் ஊரிலிருந்து, பேசாலையிலிருந்து, கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருஷம். ஒரு வரி பதில் இல்லை. முதலாளியின் தமையன் பாராளுமன்ற உறுப்பினர். இன்று அவர் வீட்டுக்குத்தான் முதலாளி கொப்பன்ஹேகன் போகிறார். திரும்பி வரப் பத்து நாளாகும். "தமையனிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்ற ஒற்றை வசனத்தை நீக்கிலாஸ் இரண்டு கிழமையாக டெனிஷில் பாடமாக்கி வைத்திருந்தான். ஆளை நேரே கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

முதலாளியின் கண், அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த மேரிகிறேசின் நீல வான்கடிதத்தில் நின்றது. வேலை நேரத்தில் கடிதம் வாசிக்கிறான் என்று நினைப்பாரோ? நீக்கிலாஸ் அதை அவசரமாக உள்ளே தள்ளினான்.

முதலாளி குனிந்து, அதே கேள்வியை ஆறுதலாகத் திரும்பக் கேட்டார். சற்று முன் கந்தோரில் தட்டச்சடிக்கும் கியர்ஸ்டனிடமும் இதையேதான் கேட்டவர். அவள் சிரித்துக்கொண்டு குளிரில் சிவந்த தன் வெறுங்கைகளைக் காட்டினாள். ரயரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நீக்கிலாஸ் நினைத்துக்கொண்டான்.

முதலில் அவர் கேட்டதற்குச் சரியான பதில். அது அவருக்குப் பிடித்துவிட்டால், மற்றதை வாய்விட்டுக் கேட்கலாம்.

"எல்வ," என்றான். பதினொன்று.

"எல்வ?"

"யா, எல்வ." இரண்டு உள்ளங்கைகளையும் கிட்டக் கொண்டுவந்து ஒடுக்கத்தைக் காட்டினான்.

முதலாளி அவன் கைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு சிரித்து, தோளில் தட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறினார். நீக்கிலாஸ் நாக்கைப் பிரித்தெடுக்கும் முன் கார் வாசலைத் தாண்டிவிட்டது.

கூட வேலை செய்யும் பாலேந்திரா, லொறியைத் தூக்கும் ஜக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருஷம், மொழிப் பள்ளிக்கும் போனவன்.

"என்ன அண்ணை, முகமெல்லாம் பல்லாக் கிடக்கு. கேட்டிட்டியளோ?"

"இன்னும் இல்லை. ஆனா மனுசன் என்னட்டையெல்லோ யோசனை கேட்டவர். உன்னட்டை ஒருநாளாவது கேட்டவரோ?"

"என்னெண்டு கேட்டவர்?"

"யூலுக்கு என்ன வேணுமெண்டு. பதினொண்டு எண்டு சொல்லிப்போட்டன். லொறி பத்திரமா வந்து சேரட்டும். பிறகு மனுசன் நான் கேட்டா மாட்டனெண்டு சொல்லுவரோ?"

பாலேந்திரா ஜக்கைக் கீழே விட்டான். "லொறிக்கு எண்டு கேட்டவரோ, உங்களுக்கு எண்டு கேட்டவரோ?"

"உனக்கு எண்டுதான் கேட்டவர். ரெண்டு தரம் கேட்டவர்."

வெளியே கார் போன தடத்தைப் பனி மூடிக்கொண்டிருந்தது. பாலேந்திரா, கந்தோர் யன்னலில் தொங்கிய சிவப்புக் காகித நட்சத்திரங்களைப் பார்த்தான்.

"அண்ணை, இவங்கள் கிறிஸ்மசையும் யூல் எண்டுதான் சொல்லுறவங்கள்."