நேற்று ஓடிய புரோகிராம்

"நேத்து நல்லா ஓடுச்சுங்க சார். இன்னைக்குத் திருத்தினேன், பாதியில நின்னுடுச்சு" என்றாள் ஷரீபுன்னிசா.

"நேத்து ஓடினதை எடு" என்றார் ஆசிரியர் தர்மன்.

"அதை அழிச்சுட்டு, அது மேலயேதாங்க புதுசை எழுதினேன்."

"பழசுக்கு நம்பர் போட்டுத் தனியா வை, அப்புறம் திருத்துன்னு எத்தனை தடவை சொன்னேன்? அஞ்சு மணிக்குள்ள குடுக்கலைன்னா பரீட்சை எழுத முடியாதும்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கம்ப்யூட்டர்கிட்ட இருக்குமுங்களா சார்?"

"நேத்து போட்டது இன்னைக்கு வரைக்கும் எங்க இருக்கப்போவுது?"

உள் அறைக் கதவு திறந்தது. சாப்பிட்ட கையைத் துடைத்தபடி முனிராஜ் வந்தார்.

எண்பத்தேழில் பென்னாகரத்துப் பயிற்சி நிலையத்தில் வகுப்பு தொடங்கிவிட்டது, கம்ப்யூட்டர்தான் வரவில்லை. அதுவரை மாணவர்கள் தாளில் எழுதும் புரோகிராமை வரி வரியாகப் படித்து, எழுதியபடியே கணக்குப் போட்டுக் காட்டுவது முனிராஜின் வேலை. எல்லோரும் அவரைக் கம்ப்யூட்டர் என்றே கூப்பிட்டார்கள்.

"ரேங்க் போடறதுதானம்மா? பதினாலு வரி. எழுதிக்க" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

ஷரீபுன்னிசா எழுதி முடித்தபோது மணி நாலே முக்கால். தர்மன் படித்துப் பார்த்து, தாளின் மேல் 'ஒன்று' என்று நம்பர் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"நெசக் கம்ப்யூட்டர் வந்துட்டா என்னைய வூட்டுக்கு அனுப்பிருவீங்களா சார்?" என்று கேட்டார் முனிராஜ்.

"இவங்க அதுலயும் அழிப்பாங்கய்யா. நீ இரு."