பெரிய பெடியன்

"அஞ்சு" என்றாள்.

தம்பியிடம் வயதைக் கேட்ட கேள்விக்கு அவளே முந்திக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அம்மா நிமிர்ந்து பார்த்தார். குழந்தைகள் நலத் துறையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்திருந்தார். நல்ல முகம். காலையிலிருந்து இரண்டு தடவை டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

தம்பி பன்னைத் தின்றுகொண்டிருந்தான். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் கடைவாயால் கடித்தான்.

பல் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும், வாயை மூடிக்கொண்டு தின்னடா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அஞ்சு என்று சொல்ல வேண்டும் என்பதே அவளுக்குச் சற்று முன்புதான் தெரியும். வாசலில் நின்று பெண் போலீஸ் செல்போனில் பேசியது காதில் விழுந்திருந்தது.

"பொண்ணு இங்கயே கேர்ள்ஸ் ஹோம்ல இருந்துக்கும் சார். பையனுக்கு ஆறு வயசுக்குள்ளன்னா அக்காகூடவே விட்டுரலாம். மேலன்னா பாய்ஸ் ஹோம்தான். அது வேற ஜில்லா."

ஆறு வரைக்கும் அவன் குழந்தை. ஆறு தாண்டினால் ஆண். பெண் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஆண் இருக்கக்கூடாது. விதி நல்ல விதிதான். எவனோ எங்கேயோ செய்த அயோக்கியத்தனத்துக்காகப் போட்டிருப்பார்கள். முன்பல் இல்லாதவனுக்கும் அதே விதி.

அவனிடம் சொல்லிவைக்க நேரம் கிடைக்கவில்லை.

ஆனாலும் அவள் பயப்படவில்லை. அவன்தான் பேசுவதே இல்லையே.

மணல்திட்டிலிருந்தே அவன் பேச்சு நின்றுபோயிருந்தது.

மன்னார்க் கரையில் அம்மா இருவரையும் படகுக்குள் தூக்கிப் போட்டாள். தான் ஏறுவதற்குள் நேவியின் வெளிச்சம் வந்துவிட்டது. படகுக்காரன் இஞ்சினை முடுக்கினான். இடுப்பளவு தண்ணீரில் அம்மா நின்றாள். கத்தவில்லை. கத்தினால் பிள்ளைகளும் பிடிபடுவார்கள்.

விடியும்போது படகுக்காரன் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டான். இந்தியா வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

சுற்றிலும் கடல்.

தம்பி மூச்சுத் திணற அழுதான். குடிக்கத் தண்ணீர் இல்லை. அழுதால் இன்னும் தாகம் எடுக்கும்.

"நீ பெரிய பெடியன் எல்லோ. பெரிய பெடியன்மார் அழமாட்டினம்."

அவளுக்கே பன்னிரண்டு வயதுதான். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அவன் நிறுத்தினான். அழுகையோடு சேர்த்துப் பேச்சையும் நிறுத்திக்கொண்டான். மரைன் போலீஸ் வந்து தூக்கியபோதும், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபோதும் ஒரு சத்தம் இல்லை.

"பாவம், பயந்துபோயிருக்கான்" என்றார் அதிகாரி அம்மா.

எழுந்து வந்து அவன் பக்கத்தில் குந்தினார். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிள்ளையின் கண்ணுக்கு நேராகப் பேச வேண்டும்.

"டிலக்சன், அக்கா உன்னைச் சின்னப் பிள்ளைங்கறா. எனக்குப் பார்த்தா அப்படித் தெரியலையே. பெரிய பையன்தானே நீ?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

அவன் காலை இழுத்துக்கொண்டு அவளைக் கோபமாகப் பார்த்தான். இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு அழாமல் இருந்தவனை அஞ்சு வயசு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"ஏழு" என்றான். "எனக்கு ஏழு வயசு. நான் அழேல்லை."

அறையில் எல்லோருக்கும் சந்தோஷம். பிள்ளை பேசிவிட்டான். பெண் போலீஸ் கையைத் தட்டினார்.

"இல்லை மிஸ். அவனுக்கு ஒண்டும் தெரியாது. அஞ்சுதான்." அவள் குரல் கிறீச்சிட்டது. "நான்தானே அவனைத் தூக்கி வளர்த்தனான். எனக்குத் தெரியாதே?"

அதிகாரி அம்மா மேசைக்குத் திரும்பி, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். எழுதவில்லை.

அந்தக் கொஞ்ச நேரம் அவள் நம்பினாள். முட்டாள்தனமாக நம்பினாள்.

"பொய் சொல்லக்கூடாது கண்ணு. தெரிஞ்சா எனக்குத்தான் கெட்ட பேரு. மாசம் ஒருக்கா பார்க்க ஏற்பாடு பண்றேன், சரியா?"

எழுதிவிட்டார்.

அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. மண்ணை வாரித் தூற்றுவதற்குக்கூட அவளுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

மத்தியானம் வண்டி வந்தது. பெரிய பையன்களுக்கு ஜன்னல் ஓரம் என்று பெண் போலீஸ் சொன்னதும் தம்பி ஓடிப்போய் ஏறிக்கொண்டான். உட்கார்ந்து பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினான். அக்காவுக்கு.

கதவைச் சாத்தினார்கள்.

வண்டி நகர்ந்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது. தலை ஜன்னலுக்கு வெளியே வந்தது. உள்ளேயிருந்து யாரோ அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள்.

"அஞ்சு!" என்று கத்தினான். "மிஸ், எனக்கு அஞ்சு வயசு!"

வண்டி கேட்டைத் தாண்டியது.

"நாலு!"

அதிகாரி அம்மா அவள் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

மூன்று வரைக்கும் கேட்டது.