ஐஸ் டான்ஸ்காரியின் கால்

1979. தமுக்கம் பொருட்காட்சியில் ஐஸ் டான்ஸ். பனித்தரையில் வழுக்கி வழுக்கி ஆடினாள் வெள்ளைக்காரி. மலையாண்டி அவள் கால்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பொண்டாட்டி பக்கத்துல இருக்கேன். அவ காலையே இம்புட்டு வெறிக்கிறீக!" பொருமினாள் மாயக்காள்.

"சும்மா இருடி."

துள்ளி எழுந்த வெள்ளைக்காரி அந்தரத்தில் சுழன்று, ஒற்றைக்காலில் இறங்கி வழுக்கிப் போனாள். மலையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அழுக வேற செய்றீகளா?"

"அவ பூட்ஸுக்கு அடியில கத்தி இருக்கு. அவுக சாணை மெஷின் ரிப்பேர்னு அந்தக் கத்தி நம்ம பட்டறைக்கு வந்துச்சு. காலையில சாணை புடிச்சது நாந்தேன். நடுவுல பள்ளம், ரெண்டு ஓரமும் கூரு. ஒரு ஓரம் மயிரிழை தாழ்ந்தாலும் விழுந்துருவா."

வெள்ளைக்காரி மறுபடியும் துள்ளினாள்.

புருஷன் கையை இறுகப் பிடித்தபடி, மாயக்காளும் அந்தக் காலையே வெறித்தாள்.