வலி: இல்லை

மார்ச் 12, புதன். தவறு: பரிசோதனை முடிந்து மனோகர் எழுந்து போன பிறகு கட்டில் விரிப்பை மாற்ற மறந்துவிட்டேன்.

தாரா பேனாவை மூடினாள். மாலை ஆறரை மணி பிசியோதெரபி வகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சின்னத் தவறுதான். எழுதாமல் இருக்க அவளால் முடியாது.

இப்போதாவது மாற்றிவிடலாம் என்று எழுந்தாள். அந்த ஆள் படுத்த விரிப்பைத் தொடவே எரிச்சலாக இருந்தது.

ஷூவைக் கழற்றச் சொன்னதற்கு, "வேணும்னா நீயே கழட்டிக்கோ" என்று காலை நீட்டியவர்.

இந்த ஊரிலிருந்து தினமும் ரயிலேறிப் போய், பெங்களூரில் ஓர் அடுக்குமாடி வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காவலாளி. நொண்டுகிறார் என்று யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். இடுப்பு நன்றாக இருக்கிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் சான்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாசலில் வேறு ஆள்.

சற்றுமுன் அவரைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தொடையை மெதுவாக உள்பக்கம் திருப்பினாள். வலித்தால் சொல்லச் சொன்னாள்.

"இன்னாம்மா, மாவு பிசையறியா? கையில உசிரே இல்லியே."

கொஞ்சம் அழுத்தித் திருப்பினாள்.

"இதுக்கு ஒரு கிளாஸ் வேற. எங்க ஊட்டுப் பூனை உன்னவிட நல்லா மிதிக்கும்."

அவளுக்குக் காது சூடானது. தன் கைகள்மேல் அவளுக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தொடை போகும் அளவுக்குத் திருப்பினாள்.

அவர் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். கண்ணில் நீர்கூட வந்தது.

திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டே, 'அசைவு: முழுமை. வலி: இல்லை' என்று பாரத்தில் எழுதினாள். மறுநாள் காலையில் பயிற்சி ஆசிரியை நளினி மேடம் கையெழுத்துப் போடுவதற்கான தட்டில் அதை வைத்தாள்.

இப்போது விரிப்பைப் பிடித்து இழுத்தாள்.

அவள் நின்று திருப்பிய இந்தப் பக்கம் ஒரு மடிப்புகூட இல்லை. சுவரோரமாகத் துணி கயிறுபோல முறுக்கிக் கிடந்தது. வியர்வை ஈரம் இன்னும் காயவில்லை. ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அதற்கு அடியில், மெத்தைக்குப் போன வாரம் போட்ட புது ரெக்சின் உறையில், நான்கு நகங்களின் பள்ளம்.

தாரா தன் விரல்களை அந்தப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தாள்.

பிறகு தட்டிலிருந்து பாரத்தை எடுத்து டைரிக்குள் வைத்துக்கொண்டாள். கீழே எழுதினாள்:

நாளை, வியாழன். மனோகரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அதற்கு முன் கட்டிலைச் சுவரைவிட்டு இரண்டடி தள்ளிப் போட வேண்டும்.