கழற்ற வராத குழாய்

"பிளாஸ்டிக் குழாயைக் காட்டாத, ஆர்னி. அது தண்ணிக்கு. அதுல காத்தை அடைச்சா ஒரு நாள் வெடிச்சு, கண்ணாடி மாதிரி செதறும். எனக்கு இருக்கறதே ரெண்டு கண்ணு" என்றான் வெர்ன்.

"அதுலயும் ஒண்ணு சரியாத் தெரியாது" என்றான் குழாய்க் கடைக்கார ஆர்னி. இருவரும் வில்மர் ஊர்ப் பள்ளியில் ஒரே வகுப்பு.

வெர்னின் மனைவி டார்லா சிரிக்கவில்லை. கடை வாசலில் இலவசமாகக் கொடுத்த பாப்கார்ன் பொட்டலம் அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

வெர்ன் பழைய படகுகளைச் சீர்செய்து பெயின்ட் அடிப்பவன். வீட்டை ஒட்டிய கராஜ்தான் பட்டறை. பெயின்ட் அடிக்கக் காற்று தரும் கம்ப்ரசரின் ரப்பர் குழல் பல வருஷமாக அங்கே தரையில் பாம்பு போலக் கிடக்கிறது. துணி துவைக்கப் போகும்போதெல்லாம் அது டார்லாவின் காலைத் தடுக்கும். "இரும்போ செம்போ, ஒரு குழாயை வாங்கிச் சுவத்தோட ஏத்தேன்" என்பாள். "பாக்கலாம்" என்பான்.

இந்த வாரம் பார்த்துக் கிளம்பிவிட்டான்.

போன வாரம்தான் மூன்று நான்கு மணி நேரத் தொலைவிலுள்ள டுலூத் நகரத்திலிருந்து டார்லாவை அழைத்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகள் பிரிவுக்குத் தலைமை நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்ட இடம். போனால் வீடு மாற வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது வெர்னிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை முடித்துவிட்டு, "பாக்கலாம்" என்றான். அடுத்த இரண்டு நாளும் மீன் பிடிக்க என்று கிளம்பிப் போய்விட்டான். மீன் வரவில்லை. பேச்சும் வரவில்லை.

"அப்ப இந்த அலுமினியத்தை எடுத்துக்க" என்றான் ஆர்னி. "கையாலயே சொருகி முடுக்கிடலாம். நாளைக்கு வீடு மாறினா கழட்டித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம்."

டார்லா நிமிர்ந்து வெர்னைப் பார்த்தாள்.

"கழட்டறதா? எனக்கு எதுக்கு அது? செம்பு குடு. ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வச்சுப் பத்த வச்சு, சுவத்துல கிளாம்பு அடிச்சு நிறுத்தப் போறேன். நானே போனாலும் அது அங்கயே இருக்கணும்."

இந்த வீட்டை வாங்கியபோது, விற்றவன் அலமாரிப் பலகையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தான். கேட்டதற்கு, சுவரோடு சேர்ந்தது வீட்டுக்கு, திருகாணி போட்டது எனக்கு என்றான். அன்று அவனைத் திட்டித் தீர்த்தது வெர்ன்தான். எது கூட வரும், எது வராது என்று வெர்னுக்குத் தெரியும். தெரிந்துதான் செம்பைக் கேட்கிறான்.

"அலுமினியமும் நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"நீ ஊசி போடு. நான் குழாய் போடறேன்."

ஆர்னி சிரித்தான். "சரி, எவ்வளவு வேணும்?"

"நீட்டுச் சுவரே நாப்பதடி."

வீட்டு கராஜின் சுவர் இருபத்தைந்து அடி இருந்தால் அதிகம். பிடிக்காத மீனுக்கே இரண்டடி சொல்கிறவன். சுவருக்குச் சொல்ல மாட்டானா? அவள் திருத்தவில்லை.

"மிஞ்சினா திருப்பிக் கொண்டாந்துடு" என்றான் ஆர்னி.

"மிஞ்சாது. கம்ப்ரசர்லேர்ந்து போகப் போகச் சரிவா எறக்கணும். காத்துல இருக்கற தண்ணி கடைசி வால்வுல வந்து நிக்கும், தெறந்து விட்டுடலாம். கிளைக் குழாயையெல்லாம் மேல்பக்கமா எடுத்து, வளைச்சுக் கீழ விடணும். அடியிலேர்ந்து எடுத்தா அத்தனை தண்ணியும் பெயின்ட் துப்பாக்கிக்குள்ள வந்துடும். அப்புறம் படகெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருக்கும்."

"யப்பா! உன் கல்யாணத்துலகூட இவ்வளவு பேசல நீ."

உண்மைதான். வெர்ன் இப்படி முகம் மலர்ந்து பேசி டார்லா பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. கைகளை வீசி, காற்றில் ஒரு சுவரையே எழுப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். இவனை இடம் பெயர்த்து என்ன செய்வது? இந்த ஊரும் இந்த ஆர்னியும் இல்லாமல் இவன் எங்கே போய் நிற்பான்? ஆஸ்பத்திரிக்கு வேறு ஆள் கிடைக்கும்.

பாப்கார்னைக் குப்பைக் கூடையில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல கனமான குழாயாவே எடு வெர்ன். நானும் டுலூத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றாள்.

"சொல்லிடு" என்றான், முழங்கை போல வளைந்த செம்பு இணைப்பு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடி. "பாவம், அவங்களை ஏன் காக்க வைக்கற?"

அவ்வளவுதான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஆர்னி செம்புக் குழாய்களை எடுத்து அடுக்கிக் கட்டினான். "வண்டியில ஏத்திடவா? இருக்கற வேகத்தைப் பாத்தா இன்னிக்கே பத்த வைக்க ஆரம்பிச்சிடுவ போல."

"ஏத்தாத. உள்ளயே எடுத்து வை. நாளைக்கு டார்லா போய் சமையலறையைப் பாத்துட்டு சரின்னு சொல்லட்டும்."

"சமையலறையா? அவ பாக்காத சமையலறை எங்கய்யா இருக்கு?"

"டுலூத்துல" என்றான் வெர்ன். "மீன் பிடிக்கறேன்னு சொல்லிட்டு ரெண்டு நாள் அங்க வீடு பாக்கப் போயும், நான் கராஜை மட்டும்தான் பாத்துட்டு வந்தேன்."