பட்டறையில் நிற்கும் பிக்கப்

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் அவள் பட்டறைக்குக் கிளம்பினாள்.

பின்னே என்ன? அப்பாவின் பழைய பிக்கப் அங்கே போய் ஒன்றரை மாதமாகிறது. செங்கலும் சிமென்ட் மூட்டையுமாக ஏற்றிக்கொண்டு மேடு பள்ளம் பார்க்காமல் ஓடிய வண்டி. முதலில் டர்போ போச்சு என்றார்கள். டர்போவை மாற்றினால் இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டதாம். அதைச் சரி பண்ணினால் கியர்பாக்ஸில் சத்தமாம். வயசான வண்டியில் ஒன்று போனால் இன்னொன்று போகும்தான், அதற்காக இப்படியா? ஆகிற செலவில் பாதிப் புது வண்டியே வாங்கிவிடலாம்.

அப்பாவும் சும்மா இருப்பவர் இல்லை. தினமும் காலையில் பட்டறைக்கு நடந்தே போய், தெருவுக்கே கேட்கிற மாதிரி மெக்கானிக்கைத் திட்டிவிட்டு வருவார். மிச்சம் மீதியை வீட்டில் வந்து திட்டுவார். திருட்டுப் பய என்பதுதான் மெக்கானிக்குக்கு இந்த வீட்டில் பெயர்.

திங்கட்கிழமை அவள் வெளியூரில் வேலைக்குச் சேர வேண்டும். முன்பு ஒரு வேலை கிடைத்தபோது அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். இவள் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டாள். கடைசியில் அம்மாவும் இல்லை, வேலையும் இல்லை. இப்போது கிடைத்திருப்பதை விட முடியாது. ஆனால் இந்த வெள்ளந்தி மனுஷனை இப்படி ஒரு ஆளிடம் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

பட்டறையில் மெக்கானிக் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. காலோடு சண்டை போட முடியாது என்பதால் ஆள் வெளியே வரும்வரை நின்றாள்.

வந்ததும் கையிலிருந்த பையை அவர் முன்னால் கவிழ்த்தாள். மாற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவது பட்டறை வழக்கம். பழைய இன்ஜெக்டர் என்று சொல்லி அப்பா நேற்றுக் கொண்டுவந்து மூலையில் வைத்த பை அது.

"இது என்னண்ணே?"

"ஸ்பார்க் பிளக்."

"எங்களோடது டீசல் வண்டி. அதுல ஏதுண்ணே ஸ்பார்க் பிளக்? அப்பா பக்கத்துல உக்காந்து அந்த வண்டியிலயே வளந்தவ நான். எனக்கே காது குத்தறீங்களா?"

அவசரத்தில் வேறு வண்டியின் பை மாறிவிட்டது என்று அவர் என்னவோ இழுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. சுவரோரம் நின்ற பிக்கப்பில் விறுவிறுவென்று ஏறினாள். சாவி அதிலேயே இருந்தது.

ஒரே திருகலில் வண்டி பிடித்துக்கொண்டது. கரும்புகை இல்லை, கடமுடா இல்லை. கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்திவைத்து, வயசானவரிடம் பணம் கறக்க வெட்கமாக இல்லையா என்று கத்தினாள். எதிர்க் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

மெக்கானிக் ஜன்னல் வழியாகக் கையை விட்டு வண்டியை அணைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரும்மா."

"யாரு?"

"உங்க அப்பாதான். சைக்கிள்ல ஒரு பொம்பளை எதிர்ல வந்தது தெரியாம இடிக்கப் பாத்திருக்காரு. நேரா இங்க வந்து சாவியக் குடுத்துட்டாரு. ரெண்டு கண்ணுலயும் புரை. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்."

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"உனக்குத் தெரிஞ்சா இந்த வேலையையும் விட்டுட்டு உக்காந்துடுவியாம். அதனால சீக்கு எனக்கில்ல, வண்டிக்குத்தான்னு சொல்லிட்டு வந்திருக்காரு. டர்போ, இன்ஜெக்டர்னு அவர் எடுத்துட்டு வந்த பணமெல்லாம் ஆஸ்பத்திரியில கட்டியாச்சு."

பிறகு தரையில் கிடந்த பிளக்கைக் குனிந்து எடுத்தார். "பையைப் பிரிச்சு ஒண்ணொண்ணா பாத்து வாங்கற மனுஷன்மா அவரு. இப்ப இதுகூடத் தெரியல" என்றார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டிக்கு என்ன என்று தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் வந்தவள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவுக்கு என்ன என்று பார்க்கவில்லையே.

"உங்களை தினமும் இப்படித் திட்டறாரேண்ணே?"

"திட்டி முடிச்சதும் டீ வாங்கிக் குடுத்துடுவாரும்மா."

திரும்புகிற வழியில் ஒரு மரத்தடியில் நின்று புது ஆபீசுக்குப் போன் செய்தாள். கெஞ்சிக் கூத்தாடியதில் இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது.

வீட்டில் அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். "என்னம்மா சொன்னான் அந்தத் திருட்டுப் பய?"

"கியர்பாக்ஸை இறக்கணுமாம்ப்பா. இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம்."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நிம்மதியோடு மெக்கானிக்கை இன்னும் கொஞ்சம் திட்டினார்.

"எனக்கும் போன் வந்துதுப்பா. நான் தங்கப்போற ஹாஸ்டல்ல தண்ணி பைப் உடைஞ்சுபோச்சாம். அதை மாத்தற வரைக்கும், ரெண்டு வாரம் கழிச்சு வந்தா போதும்னு சொல்லிட்டாங்க."

அப்பா ரேடியோவை நிறுத்தினார்.

"ஒரு பைப் மாத்த ரெண்டு வாரமா? எவன்மா அந்தத் திருட்டுப் பய?"

"உங்க மெக்கானிக் மாதிரிதான்ப்பா. ரொம்ப நல்லவர்."